ஏஜென்ட் தப்பான டூல எடுக்குது, டாக்குமென்ட்ல என்னதான் எழுதறது?

தம்பி, நீங்க கேட்டது "ஏஐ ஏஜென்ட் டூலுக்கு டாக்குமென்டேஷன் எழுத நல்ல டெம்ப்ளேட் இருக்கா"ன்னு. ஆனா அதுக்கு கீழ நீங்க எழுதியிருக்கற கதைய படிச்சா கேள்வி டெம்ப்ளேட்டோட நிக்கல. மலேசியாவுல லாபிஸ் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்து ஆபீஸ்ல லோரி எடை டிக்கெட், பிரட்டு வருகை (காலைல ஆள் எண்ணி எடுக்கற வருகை), ஸ்டோர் உரம் இதுக்கெல்லாம் டூல், அதாவது ஏஐ கூப்பிட்டு வேல வாங்கற சின்ன சின்ன புரோகிராம், எழுதி ஏஜென்ட் கையில குடுத்திருக்கீங்க, பெரிய கிராணி (ஆபீஸ் குமாஸ்தா) "போன ரவுண்டு 12ஆம் ஃபீல்டுல எத்தன டன்"னு கேட்டா ஒரு நேரம் சரியா சொல்லுது, ஒரு நேரம் லோரியோட எடையையும் சேத்து சொல்லுது, ஒரு தடவ பிரட்டு டூல கூப்பிட்டு ஆள் கணக்க டன்னுன்னு சொல்லியிருக்கு. இத மேனேஜர்கிட்ட எப்ப நம்பி குடுக்கலாம், அதான் நீங்க உண்மையில கேக்கறது. நான் சுங்கை சிப்புட்ல வீட்ல உக்காந்து கேஎல் கம்பெனி ஒன்னுக்கு டெஸ்டிங் பாக்கறேன், அதுக்கு முந்தி மில்லு சிஸ்டத்துக்கு மேனுவல் எழுதற வேல, இப்ப ஏஜென்ட் டூல எழுதி சோதிக்கறதுதான் பொழப்பு. அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், டீ கலக்கி வச்சுக்குங்க.

முதல்ல உறுதியா தெரிஞ்சத சொல்லிடறேன். ஏஜென்ட்டுக்குள்ள இருந்து பதில் எழுதற ஏஐ மாடல் உங்க கோட பாக்காது. டூலோட பேரு, விவரணை, என்னென்ன உள்ளீடு வேணும்ங்கற ஸ்கீமா, இந்த மூணும்தான் கேள்வியோட சேந்து அது முன்னாடி போவுது. அத படிச்சிட்டு "இந்த டூல இந்த உள்ளீட்டோட கூப்பிடு"ன்னு எழுதிக் குடுக்கும், கூப்பிடறது உங்க புரோகிராம், வர்ற பதில் திரும்பவும் எழுத்தாவே மாடல்கிட்ட போவும். ஓப்பன்ஏஐ 2023 ஜூன்ல ஃபங்ஷன் காலிங்னு விட்டதுலயும் இதே கதைதான், ஆந்த்ரோபிக் 2024 நவம்பர்ல ஏஜென்ட்ட டூலோட இணைக்க எம்சிபின்னு ஒரு பொது நெறிமுறை விட்டாங்களே, நீங்க இப்ப போட்டிருக்கறது, அதுலயும் இதே கதைதான். அதனால நீங்க ரிப்போசிட்டரில அழகா எழுதி வச்சிருக்கற ரீட்மீ, கோட் நடுவுல போட்ட கமென்ட், பிடிஎஃப் மேனுவல், எதுவும் அது கண்ணுல படாது. ஸ்டோர்ல களைக்கொல்லி போத்தல் மேல ஒட்டியிருக்கற லேபிள் மாதிரி நெனச்சுக்குங்க. மருந்தடிக்கற ஆளு கம்பெனி வெப்சைட்ட போயி பாக்கப் போறதில்ல, லேபிள்ல எதுக்கு அடிக்கறது, எதுக்கு அடிக்கக் கூடாது, எவ்வளவு தண்ணிக்கு எவ்வளவு, வாயில பட்டுட்டா என்ன செய்யணும், இந்த நாலும் இருந்தா போதும். டூல் விவரணைலயும் கிட்டத்தட்ட இதே நாலுதான்: எதுக்கு கூப்பிடறது, எதுக்கு கூப்பிடக் கூடாது, என்ன உள்ளீடு குடுக்கணும், தப்பா போனா என்ன செய்யணும். டெம்ப்ளேட் வேணும்னா இதையே வச்சுக்கலாம்.

உங்க டூலையே எடுத்துக்குவோம். பேரு "கெட் டேட்டா", விவரணை "எடை விவரம் தரும்", உள்ளீடு "ஐடி" அப்புறம் "தேதி". பிரட்டு டூலு பேரு "கெட் டேட்டா 2". இத பாத்துட்டு ஏஜென்ட் சரியா எடுத்திருந்தாதான் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன். இத இப்படி மாத்தி எழுதிப் பாருங்க: "ஒரு ஃபீல்டுல இருந்து மில்லுக்கு போன பழக்குலையோட நிகர எடைய தராசு டிக்கெட்படி கூட்டி டன்ல தரும். நிகர எடைன்னா லோரியோட வெறும் எடைய கழிச்சது. யாரு எத்தன குலை வெட்டுனாங்க, எத்தன ஆளு வேலைக்கு வந்தாங்க, இதெல்லாம் இதுல கெடையாது, அதுக்கு செக்ரோல் டூல். டிக்கெட் எல்லாம் சாயந்தரம்தான் சிஸ்டத்துல ஏறும், அதனால இன்னிக்கு கணக்கு கேட்டா முழுசா இருக்காது." (செக்ரோல்னா ஆள் வருகைப் பதிவேடு, உங்க பிரட்டு டூலுக்கு அந்தப் பேரு வைக்கலாம்.) நாலு வரிதான், ஆனா உங்க பழைய விவரணைல இல்லாத விஷயம் நாலு இதுல இருக்கு. அதுல எனக்கு ரொம்ப முக்கியமா படறது "இதுல கெடையாது"ங்கற வரி. எது செய்யும்னு எல்லாரும் எழுதறாங்க, எது செய்யாதுன்னு யாரும் எழுத மாட்டாங்க, ரெண்டு டூல் கிட்டத்தட்ட ஒன்னா இருக்கறப்ப மாடல் தடுமாறுறது அங்கதான்.

உள்ளீட்டுல தேதிய சும்மா "தேதி"ன்னு விடாதீங்க. நம்ம ஊருல 03/04/2025ன்னா ஏப்ரல் 3, அமெரிக்காக்காரங்களுக்கு மார்ச் 4, மாடல் ரெண்டையும் படிச்சு வளந்தது. 2025-04-03ன்னு வருஷம் முன்னாடி வர்ற வடிவம் மட்டும்தான் வாங்குவேன்னு ஸ்கீமாலயே கட்டிப் போடுங்க. "ஐடி"ங்கறத "ஃபீல்டு கோடு"ன்னு மாத்துங்க. உங்க பதிவுல "12ஆம் ஃபீல்டு"ன்னு கிராணி சொல்றது சிஸ்டத்துல 12ஏ, 12பின்னு ரெண்டா இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அது கிராணிக்கு தெரியும், உங்களுக்கு தெரியும், மாடலுக்கு யாரு சொன்னா? அதுக்காக எல்லாத்தையும் விவரணைலயே கொட்டணும்னு இல்ல. தப்பான கோடு வந்தா "பிழை 500"ன்னு மூஞ்சில அடிக்காம, "12ன்னு ஃபீல்டு இல்ல, 12ஏ, 12பி இருக்கு, ரெண்டையும் கூட்டணும்னா ரெண்டு கோடும் குடு"ன்னு பதில் அனுப்புங்க, அத படிச்சுட்டு அடுத்த தடவ அதுவே திருத்திக்கும். எம்சிபிலயும் டூல் ஓடும்போது வர்ற பிழைய மாடல் கண்ணுல படற மாதிரி பதிலுக்குள்ளயே அனுப்புங்கன்னுதான் சொல்லியிருக்காங்க. பிழைச் செய்தியும் டாக்குமென்டேஷன்தான், சொல்லப்போனா தேவப்படற நேரத்துல மட்டும் கண்ணு முன்னாடி வர்ற டாக்குமென்டேஷன்.

பதில் காலியா வர்றத பத்தி தனியா ஒன்னு சொல்லணும், ஏன்னா ஆபத்து இதுலதான் அதிகம், பிழை வந்தாலாவது தெரியும். 12ஏ ஃபீல்டுக்கு செவ்வாக்கெழம டிக்கெட் ஒன்னும் இல்லன்னா உங்க டூல் காலிப் பட்டியல் அனுப்புது, ஏஜென்ட் அத வச்சு "செவ்வாக்கெழம அறுவடை நடக்கல"ன்னு தெகிரியமா சொல்லிடுது. உண்மைல மழையா இருந்திருக்கலாம், லோரி வராம குலை ரோட்டோரம் கெடந்திருக்கலாம், இல்ல டிக்கெட் இன்னும் கீ-இன் ஆகாம இருந்திருக்கலாம். வெட்டுன குலைய 24 மணி நேரத்துக்குள்ள மில்லுல சேக்கணும்னு தலைகீழா ஓடற எடத்துல "அறுவடை நடக்கல"ங்கறதும் "குலை இன்னும் போவல"ங்கறதும் ஒன்னா? மேனேஜர் அத வச்சு தண்டல்கிட்ட, அதான் கங்காணிகிட்ட, கத்துவாரு. அதனால காலியா வந்தா "இந்த தேதிக்கு டிக்கெட் பதிவு இல்ல, கடைசியா டிக்கெட் ஏறினது இந்த நேரம்"னு டூலே சொல்லணும்.

இனி டாக்குமென்ட் எழுதி தீராத விஷயம். "போன ரவுண்டு"ன்னு கிராணி கேக்கறாரே, அறுவடை ரவுண்டு 10ல இருந்து 15 நாளு, ஆள் பத்தலன்னா 20ஐயும் தாண்டும், ஃபீல்டுக்கு ஃபீல்டு தேதி மாறும். மாடல் அத "போன வாரம்"னு எடுத்துக்கிட்டு ஏழு நாள் கணக்க கூட்டிக் குடுக்குது. இதுக்கு விவரணைல "ரவுண்டுன்னா வாரம் இல்ல"ன்னு எழுதலாம், எழுதினா என்னாவும், தேதி எதுன்னு கேட்டு கிராணிய நச்சரிக்கும், அவரு ரெண்டு நாள்ல இத தூக்கிப் போட்டுட்டு பழையபடி புக்க தொறந்துடுவாரு. ரவுண்டு தொடங்கின தேதி முடிஞ்ச தேதி உங்க அறுவடை டேபிள்ல இருக்குல்ல, அப்ப டூலே "போன ரவுண்டு"ங்கறத உள்ளீடா வாங்கி தேதிய அதுவே தேடிக்கட்டும். விவரணை நீண்டுகிட்டே போவுதுன்னா, "ஆனா", "இல்லாட்டி", "அந்த நேரத்துல மட்டும்"னு வரி கூடிக்கிட்டே இருக்குன்னா, பெரும்பாலும் டூலு வெட்டின விதமே சரியில்லன்னு அர்த்தம். டேபிளுக்கு ஒரு டூல்னு எழுதறது புரோகிராமர் வசதி, கேள்விக்கு ஒரு டூல்னு எழுதினா ஏஜென்ட்டுக்கு வேல கம்மி. அதே மாதிரி மாசத்து டிக்கெட் அத்தனையும் அள்ளி அனுப்பாதீங்க, கூட்டுத்தொகை அனுப்புங்க, விவரம் கேட்டா மட்டும் விவரம். கிளாட் கோட்ங்கற ஏஜென்ட்ல ஒரு டூல் பதிலுக்கு சாதாரணமா 25,000 டோக்கன்னு (டோக்கன்னா மாடல் எழுத்த உடைச்சு எண்ணற சின்னத் துண்டு) வரம்பு வச்சிருக்கறது சும்மா இல்ல, கண்டதையும் உள்ள கொட்டினா தேவையானது அதுக்குள்ள அமுங்கிப் போயிடும், காசும் ஏறும்.

சரி, இப்படியெல்லாம் எழுதிட்டீங்க, நல்லா இருக்கான்னு எப்படி தெரியும்? படிச்சு பாத்தா தெரியாது. நான் இவ்வளவு வருஷம் மேனுவல் எழுதினவ, நல்ல வாக்கியம் எதுன்னு எனக்கு தெரியும்னு ஒரு நெனப்பு உண்டு, ஆனா மாடலுக்கு எது ஏறுதுங்கறது ஓட்டிப் பாத்தாதான் தெரியும். அதனால எழுதறதும் சோதிக்கறதும் ரெண்டு வேலன்னு நெனைக்காதீங்க. கேள்வி முதல்ல, எழுத்து அப்புறம்.

கேள்விய எங்க இருந்து எடுக்கறது? ஆபீஸ் வாட்சப் குரூப்ல இருந்து. நீங்க உக்காந்து யோசிச்சு எழுதற கேள்வில டூலோட பேரே ஒளிஞ்சிருக்கும், "12ஏ ஃபீல்டு நிகர எடை 2025-04-03 முதல்"னு நீங்கதான் கேப்பீங்க, கிராணி "பன்னெண்டு எவ்ளோ போச்சு லா"ன்னு கேப்பாரு. அவரு கேட்ட மாதிரியே, மலாய் கலந்து, எழுத்துப்பிழையோட எடுங்க. முப்பது நாப்பது கேள்வி இருந்தா ஆரம்பிக்க போதும். ஒவ்வொன்னுக்கும் சரியான பதில டிக்கெட் கட்ட வச்சு கையால கணக்குப் போட்டு எழுதி வைங்க, இதுதான் சலிப்பான வேல, இத ஏஜென்ட்கிட்டயே குடுத்துட்டா சோதனைக்கு அர்த்தமே இல்ல. அதுல கொஞ்சம் வில்லங்கமான கேள்வியும் வேணும்: எந்த டூலாலயும் பதில் சொல்ல முடியாதது, உதாரணத்துக்கு அடுத்த மாசம் சிபிஓ (கச்சா செம்பனை எண்ணெய்) வெல என்னாவும்னு, திரும்பி கேட்டே ஆகணும்ங்கறது, ஃபீல்டு பேரே சொல்லாம "நேத்து எவ்வளவு"ன்னு, செய்யவே கூடாதது, "அந்த டிக்கெட்ட அழிச்சிடு"ன்னு. பெர்க்லி பல்கலைக்கழகத்துக்காரங்க 2024ல இருந்து ஃபங்ஷன் காலிங்குக்குன்னே ஒரு தரவரிசை நடத்தறாங்க, அதுல பொருத்தமான டூல் இல்லாதப்ப கூப்பிடாம இருக்குதாங்கறதையும் தனியா சோதிக்கறாங்க. நம்ம ஆளுங்க பெரும்பாலும் விட்டுடற எடம் அது.

மதிப்பெண் போடறப்ப "முதல்ல இந்த டூல், அப்புறம் அந்த டூல்"னு வரிசைய வச்சு போடாதீங்க, சரியான பதிலுக்கு ரெண்டு வழி இருக்கலாம். கடைசி எண் சரியா, டேட்டாபேஸ்ல மாறவேண்டியது மட்டும் மாறியிருக்கா, அத பாருங்க. சியரா கம்பெனி 2024 ஜூன்ல விட்ட டௌ-பெஞ்ச்ங்கற ஏஜென்ட் சோதனை அப்படித்தான் பண்ணுது, கடை, விமான டிக்கெட் மாதிரி வேலைங்கள குடுத்துட்டு முடிவுல டேட்டாபேஸ் எந்த நிலைல இருக்குன்னு ஒத்துப் பாக்கும். அதுல எனக்கு புடிச்சது இன்னொன்னு, ஒரே வேலைய திரும்பத் திரும்ப குடுத்து எட்டு தடவையும் சரியா பண்ணுதான்னு பாக்கறது. அப்ப உச்சத்துல இருந்த ஜிபிடி-4ஓ கூட பாதி வேலைக்கு மேல முடிக்கல, கடை வேலைல எட்டு தடவையும் சரியா பண்ணினது கால்வாசிக்கும் கீழ. இப்ப மாடல் எல்லாம் எவ்வளவோ முன்னேறிடுச்சு, ஆனா கணக்கு அதேதான்: ஒரு தடவைக்கு 90 சதவீதம் சரின்னா, எட்டு தடவையும் சரியா வர்ற வாய்ப்பு 43 சதவீதம்தான். நீங்க "சில நேரம் சரியா சொல்லுது"ன்னு எழுதியிருக்கறது இதத்தான். ஒரு தடவ ஓட்டி சரியா வந்துச்சுன்னு டிக் போட்டா அது சோதனை இல்ல, ஒவ்வொரு கேள்வியையும் அஞ்சு தடவயாவது ஓட்டுங்க. லைவ் டேட்டாபேஸ்ல மட்டும் ஓட்டிடாதீங்க, ஒரு காப்பி எடுத்து ஓட்டுங்க, இத சொல்லித்தான் தெரியணுமான்னு நெனைப்பீங்க, சொல்ல வேண்டியிருக்கு.

அப்புறம் மதிப்பெண்ண மட்டும் பாக்காம, தப்பா போனதோட முழு பதிவையும் உக்காந்து படிங்க. எந்த டூல எடுத்துச்சு, என்ன உள்ளீடு குடுத்துச்சு, என்ன பதில் வந்துச்சு, அதுக்கப்புறம் என்ன பண்ணுச்சு. லோரி எடைய சேத்து சொன்னதா எழுதினீங்களே, பதில்ல ரெண்டு எண்ணும் பக்கத்து பக்கத்துல "வெயிட் 1", "வெயிட் 2"ன்னு வருதான்னு பாருங்க, எனக்கு என்னமோ அப்படித்தான் இருக்கும்னு தோணுது. அப்படி இருந்தா விவரணைல கைய வைக்க வேண்டாம், பதில்ல இருக்கற பேர மாத்தினாலே தீந்துடும். ஒரு நேரத்துல ஒன்ன மட்டும் மாத்தி திரும்ப ஓட்டுங்க, அஞ்சு எடத்துல கை வச்சிட்டு மதிப்பெண் ஏறினா எதனால ஏறுச்சுன்னு தெரியாது. கேள்வில மூணுல ஒரு பங்க தனியா எடுத்து வச்சு, திருத்தற வரைக்கும் தொடாதீங்க, கடைசில அத வச்சு பாருங்க. இல்லாட்டி அந்த நாப்பது கேள்விக்கு மட்டும் நல்லா நடிக்கற டூல்தான் மிஞ்சும். விவரணைய மாடல்கிட்டயே குடுத்து திருத்தச் சொல்லலாம், நல்லாவே திருத்துது, ஆனா அப்பவும் தொடாத கேள்வில சோதிக்கணும்.

பதில் நம்பற மாதிரி இருக்கான்னு பாக்க தராசு கிராணிய கூப்பிட்டு பக்கத்துல உக்கார வைங்க, அவர விட நல்ல டெஸ்டர் கெடைக்க மாட்டாங்க. எண்ணெய் பிழிவு விகிதம் 35 சதவீதம்னு ஏஜென்ட் சொன்னா புரோகிராமர் தலையாட்டிட்டு போயிடுவாரு, நாட்டு சராசரியே 20 பக்கம்தான்னு தெரிஞ்ச ஆளு சிரிச்சிடுவாரு. அந்த சிரிப்ப அப்படியே ஒரு வரம்பா டூலுக்குள்ள எழுதிடலாம், அத தாண்டினா "கணக்க சரிபாரு"ன்னு பதிலோட சேத்து அனுப்பட்டும்.

இதுவரைக்கும் சொன்னதுல எனக்கு சந்தேகம் இல்ல. இனி சொல்றது ஆளுக்கு ஆள் மாறும். விவரணைய எந்த மொழில எழுதறதுன்னு கேட்டிருந்தீங்க. நான் இங்கிலீஷ்ல எழுதி, கிராணி வாயில வர்ற சொல்ல மட்டும், பிரட்டு, குலை, தண்டல் இந்த மாதிரி, அப்படியே உள்ள சேத்துடறேன். தமிழ்ல எழுதினா டோக்கன் கூட செலவாவுதுங்கறது உண்மை, ஆனா அதனால தப்பு கூடுதா குறையுதாங்கறத உங்க கேள்விய வச்சு நீங்களேதான் பாத்துக்கணும். உதாரணம் சேக்கறதும் அப்படித்தான், உள்ளீடு சிக்கலா இருந்தா உதவுது, எளிய டூலுக்கு சேத்தா சில நேரம் உதாரணத்துல இருக்கற ஃபீல்டு கோடையே எடுத்துப் போட்டுடுது. எத்தன டூல் இருந்தா அதிகம்ங்கறதுக்கும் யாரும் ஒத்துக்கற எண் இல்ல, ஒன்ன மாதிரி ஒன்னு இருக்கற பத்து டூல், தெளிவா வேற வேறயா இருக்கற நாப்பத விட மோசம். பதிலுக்கு மதிப்பெண் போட இன்னொரு மாடல வைக்கலாமான்னா, எண்ணுக்கு வேண்டாம், எண்ண கோட் சரிபாக்கட்டும். பேச்சு நயத்துக்கு வேணும்னா வைங்க, ஆனா நீளமா எழுதினத நல்லதுன்னு சொல்ற பழக்கம் அதுங்களுக்கு உண்டுங்கறத மறக்காதீங்க.

பாதுகாப்பு என் துறை இல்ல, அதனால தெரிஞ்ச அளவுக்கு ரெண்டு விஷயம் சொல்லி நிறுத்திக்கறேன். எம்சிபில 2025 மார்ச் பதிப்புல இருந்து "இது வெறுமனே படிக்கற டூல்", "இது அழிக்கற டூல்"னு குறிப்பு போட வழி இருக்கு, ஆனா அது குறிப்புதான், பூட்டு இல்ல. அழிக்கற உரிமையே இல்லாத டேட்டாபேஸ் யூசர வச்சு கனெக்ட் பண்றதுதான் பூட்டு. வெளிய இருந்து எடுத்து போடற டூலோட விவரணைக்குள்ளயே மாடலுக்கு கள்ள உத்தரவு ஒளிச்சு வைக்க முடியும்ங்கறதும் 2025லயே பேசப்பட்டதுதான், அதனால யாரோ எழுதின எம்சிபி சர்வர (டூல் தர்ற புரோகிராம) அப்படியே மாட்டிடாதீங்க. பிரட்டு டூல் பதில்ல ஆளுங்களோட ஐசி (அடையாள அட்டை) நம்பர், பாஸ்போர்ட் நம்பர் வருதான்னு இன்னிக்கே பாருங்க. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010லயே வந்தது, எத்தன ஆளு வந்தாங்கன்னு சொல்றதுக்கு எண்ணிக்கை போதும்.

ஸ்டோர்ல இருந்து உரம் வெளிய எழுதற டூலும் குடுத்திருக்கறதா போட்டிருந்தீங்க, அத மட்டும் இப்போதைக்கு கழட்டி வச்சுடுங்க, படிக்கற டூல் எல்லாம் ஒழுங்கா வந்த பிறகு, கிராணி ஓகே அழுத்தினாதான் பதிவாகும்னு வச்சு திரும்ப சேக்கலாம். எடை டூல முதல்ல எடுத்துக்குங்க, கிராணி கேட்ட கேள்வில பத்தும் உங்க புது விவரணையும் இங்கயே கீழ போடுங்க, ஆள் பேரு நம்பர் எல்லாம் மறைச்சுட்டு. சனிக்கெழம உக்காந்து பாத்து சொல்றேன்.